தலை முழுக்கு

"அன்ரி, உங்களோட கொஞ்சம் கதைக்கலாமோ?" என்று வாசலில் நின்று கேட்டாள் அந்தப் பெண்.

கதை என்றால் அளப்பதும் விடுவதும்தான் என்று வளர்ந்தவள் இசக்கிசெல்வி. வள்ளியூர்ப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. மலையாளம் நாக்கில் தானாக வரும். ஆனாலும் இப்படி ஒரு தமிழை அவள் கேட்டதில்லை. தமிழ்தான், அதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் பேசுகிறவள் மேல்தான்.

அந்தப் பெண் நீல பனியன் போட்டிருந்தாள். நெஞ்சில் ஒரு வெள்ளைப் புறா. அந்தப் புறாவை இசக்கிசெல்விக்குத் தெரியும்.

போன மாதம் ஊரிலிருந்து செல்லதுரை, வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு படத்தை அனுப்பியிருந்தார். அவள் கணவன் நல்லசிவத்தின் கூடப்பிறந்த அண்ணன் அவர். படத்தில் நல்லசிவம் ஆசுபத்திரிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கண் மூடியிருக்கிறது. தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது. உச்சந்தலையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் கை. பின்னால் வரிசையாக நீல பனியன்கள், புறாக்கள். கீழே 'புது வாழ்வு' என்று எழுதியிருந்தது. போன வருஷம், அந்தப் படம் எடுத்த மறுநாள் அவன் செத்துப்போனான்.

படத்துக்குப் பின்னாலேயே செல்லதுரை போனிலும் வந்தார். "இந்தா பாரும்மா, எனக்கு ஒண்ணும் கோவமில்ல. அவன் அவங்க சாமிகிட்ட போயிட்டான். போனவனுக்கு நான் எதுக்கு எள்ளும் தண்ணியும் விடணும்? அவங்களே பாத்துக்கிடட்டும்." கோபமில்லை என்று சொன்ன குரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளையில்லாத வீடு. ஆடி பிறந்தால் வருஷ திதி. பாபநாசம் படித்துறையில் அப்பா பேரையும் தாத்தா பேரையும் சொல்லித் தண்ணீர் விடும்போது தம்பி பேரையும் சேர்த்துச் சொல்ல அந்த ஒரு மனுஷரை விட்டால் ஆள் கிடையாது. அவரும் கையை விரித்துவிட்டார். இசக்கிசெல்வி என்ன பதில் சொல்லுவாள்? அவள் கண்ணால் பார்த்தது ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இடுப்பு முறிந்து கிடந்ததால் ஊருக்குப் போயிருந்தாள். அவனுக்கு எலிக்காய்ச்சல் என்று தகவல் வந்து, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது, பிணவறைக்கு வெளியே நின்ற, அவன் வேலை பார்த்த இடத்து மேஸ்திரி நல்லசிவத்தின் துண்டை அவள் கையில் கொடுத்தார். கடைசியில் அவன் என்ன சொன்னான், யாரைத் தேடினான், ஒருவருக்கும் தெரியவில்லை. காய்கறி வாங்குவதென்றாலும் அவளைக் கேட்டு வாங்குகிற மனுஷன், ஒரு வார்த்தை சொல்லாமல் சாமியை மாற்றிக்கொண்டானா? ஒரு வருஷமாக வெறும் துக்கமாக இருந்தது, இந்தப் படம் வந்ததிலிருந்து வேறு மாதிரி குடைய ஆரம்பித்திருந்தது.

"என்ன கதை?" என்று கேட்டாள், கதவைப் பாதி மூடிப் பிடித்துக்கொண்டு.

"என்ர பேர் டிலானி. கனடாவில இருந்து மிஷன் ஆக்களோட வந்திருக்கிறன். போன வருசமும் வந்தனான். உங்கட அவரை ஆஸ்பத்திரியில பாத்தனான்."

பக்கத்து அறை மாயம்மாள் வாசலில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். செதில் ஒட்டிய கையோடு எழுந்து வந்துவிட்டாள். "சிலோன்காரியாட்டி?"

"அம்மா அப்பா யாழ்ப்பாணம். நான் பிறந்தது கனடா" என்று சிரித்தாள் டிலானி.

"இங்க என்ன சோலி?"

"சேவை செய்ய வந்தனாங்கள். ஆஸ்பத்திரியில சாப்பாடு குடுக்கிறது, ஆக்களைத் துடைச்சு விடுறது…"

"ஏன், கனடாவுல சீக்காளியே கெடையாதா?"

டிலானி திரும்பவும் சிரித்தாள். அதே கேள்விதான் இசக்கிசெல்விக்கும். சுக்குக் கிடங்கில் நாள் முழுக்கத் தூசிக்குள் உட்கார்ந்து நல்லதையும் சொத்தையையும் பிரிக்கிறவள் அவள். கூலி இல்லாமல் ஒருத்தி கடல் தாண்டி வந்து ஊரார் உடம்பைத் துடைக்கிறாள் என்றால், கூலி வேறெங்கோ கிடைக்கிறது என்றுதான் அவளுக்குப் பட்டது.

"நாளைக்குப் பின்னேரம் எங்கட கூட்டம் இருக்கு அன்ரி. நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேணும். உங்கட அவரைப் பற்றி."

இசக்கிசெல்வியும் மாயம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிலானி இடத்தைச் சொல்லி, கொண்டுவந்த கேக் டப்பாவைப் படியில் வைத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாள். அவள் தலை மறைகிறவரை பொறுத்திருந்து மாயம்மாள் சொன்னாள்: "போலீஸ் கேசுட்டி இது."

"கேசா?"

"பின்னே என்ன சாட்சி? மதம் மாத்துதாங்கன்னு எவனோ எழுதிப் போட்டிருப்பான். நீ போயி, 'எம் புருஷன் மனசறிஞ்சுதான் மாறுனாரு'ன்னு சொல்லணும். அதுக்குத்தான் தமிழ் பேசுத பிள்ளையாப் பாத்து அனுப்பியிருக்கான்."

"நான் பாக்காததுக்கு நான் எப்படிக்கா சாட்சி சொல்ல?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். எதுலயும் கையெழுத்துப் போட்டுராத. கைநாட்டுன்னு சொல்லு."

"பத்தாங்கிளாஸ் படிச்சிருக்கேன்."

"இப்ப அதுதான் முக்கியமா?"

கேக்கை இருவரும் தொடவில்லை. சாரலில் டப்பா நனைந்து ஊறிக் கிடந்தது. போகக்கூடாது என்று படுத்த இசக்கிசெல்வி, போய்த்தான் ஆகவேண்டும் என்று எழுந்தாள். கேஸ் என்றால் போலீஸ் இருக்கும். போலீஸ் இருந்தால் கேட்கிற கேள்விக்கு இவர்கள் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? என் புருஷனை என்ன செய்தீர்கள் என்று அவளும் கேட்கலாம்.

மறுநாள் நல்லசிவத்தின் ஆதார் அட்டையையும் இறப்புச் சான்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு மாயம்மாளும், யாரும் அழைக்காமலேயே, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

பஜார் ரோட்டில் மிளகு அடுக்கியிருந்த பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே மேசையும் போலீசும் இருக்கும் என்று எதிர்பார்த்தவளுக்கு பிளாஸ்டிக் நாற்காலிகளும் கித்தாரும் மைக்கும் தெரிந்தன. ஓட்டல் வேலைக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள் என்று தமிழ் முகங்களே பாதிக்கு மேல். நீல பனியன்கள் சுவரோரம் நின்றன. வெள்ளைக்காரப் பிள்ளைகள் யாரைப் பார்த்தாலும் சிரித்தார்கள். கடன் கேட்க வருகிறவன்தான் இப்படிச் சிரிப்பான் என்று நினைத்தாள் இசக்கிசெல்வி.

முதலில் ஓர் ஆள் எழுந்து மைக்கைப் பிடித்தான். புரோட்டாக் கடையில் வேலை என்றான். குடித்தது, மனைவியை அடித்தது, விழுந்து கிடந்தது எல்லாம் சொல்லி, "இப்ப நான் புது மனுஷன். இதுதான் என் சாட்சி" என்று முடித்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஏட்டி, இவன் அவனுக்கே சாட்சி சொல்லுதான்" என்று காதோடு சொன்னாள் மாயம்மாள். "எந்தக் கோர்ட்டுல இது செல்லும்?"

இசக்கிசெல்விக்கு அப்போதுதான் புரிந்தது. இங்கே கேஸும் இல்லை, போலீசும் இல்லை. சாட்சி என்றால் இவர்கள் ஊரில் இதுதான். அவளும் அந்த மைக்கின் முன்னால் நின்று, செத்த புருஷனைப் பற்றி நாலு வார்த்தை அழுதுகொண்டே சொல்லவேண்டும், இவர்கள் கை தட்டவேண்டும். அதற்குத்தான் கேக்.

விளக்கை அணைத்தார்கள். சுவர் அகலத்துக்கு நல்லசிவம் வந்தான்.

போனில் உள்ளங்கை அளவில் பார்த்த முகம். இப்போது தாடையில் நாலு நாள் தாடி தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து இறங்கிய தண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது. இசக்கிசெல்வி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உயரமான பாஸ்டர் ஆங்கிலத்தில் பேச, உள்ளூர்ப் போதகர் தமிழில் சொன்னார். "இந்தச் சகோதரனுக்கு நம்முடைய பிள்ளைகள் பொதிச்சோறு கொடுத்தார்கள். அவர் அதைத் தள்ளிவைத்தார். சோறு வேண்டாம், முதலில் எனக்கு முழுக்கு வேண்டும் என்றார்! சரீரத்தின் பசியைவிட ஆத்துமாவின் தாகம் அவருக்குப் பெரிதாயிருந்தது!"

"அல்லேலூயா" என்றது கூட்டம்.

"அவுக சோத்தத் தள்ளுத ஆளே இல்ல" என்றாள் இசக்கிசெல்வி.

தனக்குள் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் எழுந்து நின்றிருந்தாள், குரலும் உரக்க வந்துவிட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. இனி என்ன வெட்கம் என்று ஆகிவிட்டது. "காய்ச்சல்னாலும் கருமாதின்னாலும் சோத்த ஒருநாளும் தள்ள மாட்டாக. இத யாரு பாத்தது? எந்திச்சுச் சொல்லச் சொல்லுங்க."

டிலானி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். கிடங்கின் பின்பக்கம் நேரே காயலில் முடிந்தது. எதிரே வெலிங்டன் தீவின் கிரேன்கள் மழையில் கரைந்து நின்றன. மாயம்மாள் கதவை அடைத்தாற்போல் வந்து நின்றுகொண்டாள்.

"நான்தான் பாத்தனான் அன்ரி. நான்தான் கேட்டனான்."

"என்ன சொன்னாக? நீ நெனச்சதச் சொல்லாத. அவுக வாயில வந்தத வந்தபடி சொல்லு."

"நாங்கள் சாப்பாடு குடுத்துக்கொண்டு போனனாங்கள். நான் தமிழ் கதைக்கிறதைக் கேட்டுட்டு அவர் கை காட்டிக் கூப்பிட்டவர். 'ஏ பிள்ளே, சோறு பொறவு. மொத நான் முழுகணும். தலை முழுகணும். முழுகாம சோறு எறங்காது' எண்டவர்."

வேறு ஒரு தேசத்துத் தமிழுக்குள்ளிருந்து அவன் பேச்சு மட்டும் அப்படியே வந்து விழுந்தது. ஆனாலும் இசக்கிசெல்வி விடவில்லை. "அதுக்கு முன்ன என்ன நடந்துச்சு?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"அவுகளுக்குன்னு கேக்கல. அந்த வார்டுல."

"வார்ட்டில… பக்கத்துக் கட்டில்ல ஒரு ஐயா செத்துப்போனவர். அப்பத்தான் அவரைக் கொண்டு போனவை. இடம் காணாது, ட்ராலி இவற்ற கட்டில்ல முட்டினது."

மாயம்மாள் "அட கெடுப்பானே" என்றாள்.

இசக்கிசெல்வி தூணில் சாய்ந்துகொண்டாள். "பக்கத்துல சாவு விழுந்திருக்கு. பொணத்தக் கொண்டு போன தள்ளுவண்டி கட்டில்ல இடிச்சிருக்கு. முழுகாம எப்படிச் சோறு திம்பாக?"

சாவுக்கும் சோற்றுக்கும் என்ன தொடர்பு என்று டிலானிக்குப் பிடிபடவில்லை.

"துஷ்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் மாயம்மாள். "தலைக்கு ஊத்தாம அடுக்களைக்குள்ள போவீங்களா?"

"நாங்கள்… அங்கேயே சாப்பிடுவம். சாண்ட்விச் குடுப்பினம்."

"பொணத்த வச்சுக்கிட்டா?"

"பக்கத்து அறையில" என்றாள் டிலானி, மிக மெதுவாக. பிறகு அவள் முகம் மாறியது. ஒவ்வொன்றாக அவளுக்குள் இடம் மாறுவது வெளியே தெரிந்தது. "எங்கட சபையில முழுக்கு எண்டா ஞானஸ்நானம் மட்டும்தான் அன்ரி. வேற முழுக்கு எனக்குத் தெரியாது. அவர் குளிக்கவோ கேட்டவர்?"

"குளிக்கத்தான் கேட்டிருக்காக."

"ஐயோ. அந்த ஒரு வார்த்தையாலதான் நான் திரும்பி வந்தனான். கனடாவில எத்தினை சபையில இதைச் சொல்லியிருக்கிறன் தெரியுமோ?"

அவள் அழுதாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே என்றுதான் இசக்கிசெல்விக்கு ஓடியது. கூட்டத்தில் சத்தம் போட்டவளை அடக்கி அனுப்ப, அவளுக்குப் பிடித்ததையே சொல்லிவிட்டால் ஆயிற்று. உள்ளே போனதும் பழைய படத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

"மொத அந்தப் படத்த எடுக்கச் சொல்லு."

டிலானி உள்ளே போனாள். ஆங்கிலம் கேட்டது. டிலானியின் குரல் ஒருமுறை உயர்ந்து உடைந்தது. அந்த மழைச் சத்தத்தில் 'நல்லசிவம்' என்ற ஒரு சொல்தான் இசக்கிசெல்விக்குப் பிடிபட்டது. பிறகு சுவர் வெளுத்தது. பாஸ்டர் வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். டிலானி, "மன்னிப்புக் கேக்கிறார்" என்றாள்.

"அவரு இம்புட்டு நேரம் பேசுனாரு. நீ ஒத்த வார்த்தை சொல்லுத."

"அவர் எப்பவும் நீட்டித்தான் கதைப்பார் அன்ரி."

இதையும் நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. படத்தைச் சுவரிலிருந்து எடுப்பது பெரிய காரியமில்லை, செல்லதுரையின் மனசிலிருந்து எடுக்கவேண்டும். அவள் போனை எடுத்து அவருக்கு அடித்து, சத்தமாக வைத்து, டிலானியின் முன்னால் நீட்டினாள். "எங்க அத்தான். இவருகிட்ட சொல்லு."

டிலானி சொன்னாள். பக்கத்துக் கட்டில் சாவு, முழுகக் கேட்டது, எல்லாம்.

"யாரும்மா இது, பேச்சு ஒரு தினுசா இருக்கு?" என்றார் செல்லதுரை. "இசக்கி, எவளையாவது பிடிச்சுச் சொல்லிக் குடுத்துப் பேசச் சொல்லுதியா?"

"இல்ல அத்தான். அன்னைக்கு ஆசுபத்திரியில நின்ன பிள்ளைதான்."

"சரி. ஏ பிள்ளே, என் தம்பி தலையில தண்ணி ஊத்துனீங்களா இல்லியா?"

"ஊத்தினனாங்கள் அங்கிள். நர்ஸ் ஈரத்துணியால துடைக்க மட்டும்தான் விட்டவ. நாங்கள் கழுவுற இடத்துக்குக் கொண்டு போய் ஊத்தினனாங்கள்."

"என்ன சொல்லி ஊத்துனீங்க?"

டிலானி இசக்கிசெல்வியைப் பார்த்தாள். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி எண்டு."

"அவன் ஆமான்னானா?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"எதுவுமே பேசலியா? அவன் வாய் சும்மா கெடக்காதே."

"கதைச்சவர். ஆனா அது எனக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கேல்லை." டிலானி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணி ஊத்தினவுடன கண்ணை மூடிக்கொண்டு, 'இன்னொரு போனி, இன்னொரு போனி' எண்டவர். எங்களோட வந்த ஒரு அம்மாவின்ர பேர் போனி. அவவைத்தான் கேக்கிறார் எண்டு ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தனான். அவ வந்து தலையில கை வைச்சு செபிச்சவ. அப்ப எடுத்த படம்தான் அது. 'இன்னொரு' எண்டதை நான் யோசிக்கேல்லை. எங்களிட்ட ஒரு போனிதான் இருந்தவ."

முதலில் வெடித்தது மாயம்மாள்தான். வாயில் முந்தானையை வைத்து அடைத்தும் நிற்கவில்லை. போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா விம்மலா என்று சொல்ல முடியாத சத்தம்.

"ஏ பிள்ளே" என்றார் செல்லதுரை. "போணின்னா எங்க ஊர்ல தண்ணி மோந்து ஊத்துத பாத்திரம். அவன் இன்னொரு போணி தண்ணி கேட்டிருக்கான். நீ போயி ஒரு வெள்ளக்காரியக் கொண்டாந்து அவன் தலையில வச்சிருக்கியே!"

டிலானி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கட அம்மா அதைப் பேணி எண்டு சொல்லுவா" என்றாள் விரலிடுக்கில். "பேணி. இது போணி."

இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. ஆனால் ஒரு மாதமாகக் குடைந்துகொண்டிருந்தது அந்த நிமிஷத்தில் நின்றுவிட்டது. யார் சொல்லிக் கொடுத்தாலும் இந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல் கிடைத்திருக்காது. வீட்டில் அவள்தானே அவனுக்கு முதுகு தேய்த்து ஊற்றுவாள். போதும் என்று அவள் போணியைக் கவிழ்க்கும்போதெல்லாம், கண்ணைத் திறக்காமல் அவன் கேட்பது அதைத்தான். வீட்டையும் சாமியையும் விட்டுவிட்டுப் போகிறவன் இப்படிக் கேட்கமாட்டான்.

"இன்னொரு போணி ஊத்துனியா?" என்று கேட்டாள்.

"இல்லை அன்ரி. நர்ஸ் வந்து ஏசினவ. திரும்பக் கட்டிலுக்குக் கொண்டு போயிட்டம்."

"சோறு?"

"சாப்பிட்டவர். முழுக்கச் சாப்பிட்டவர். மோர் இருக்கோ எண்டும் கேட்டவர். ஆனா அதை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை."

போனில் செல்லதுரை கூப்பிட்டார். "இசக்கி. அந்த மிச்சப் போணிய நான் பாபநாசத்துல ஊத்திக்கிடுதேன். நீ திதிக்கு முந்தின நாளே வந்து சேரு. எள்ளு நான் வாங்கிருதேன்." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

மழை விட்டிருந்தது. உள்ளே யாரோ கித்தாரைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார்கள். மாயம்மாள் செருப்பைத் தேடப் போனாள்.

"அன்ரி, நானும் வரலாமோ? அண்டைக்கு அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது நான்தான். ஒண்டும் செய்ய மாட்டன். சும்மா நிக்கிறன்."

இசக்கிசெல்வி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அழுத கண், அந்தப் புறா, பனியன் பைக்குள் துருத்திக்கொண்டிருந்த போன்.

"வா" என்றாள். "வேற சட்டை போட்டுட்டு வா. போன இங்கேயே வச்சுட்டு வா."

சொல்லிவிட்டு இரண்டடி நடந்தவள் திரும்பினாள். "அந்தப் பாஸ்டரு வேண்டாம்."